கூடம் வழியாக உச்சிக்கு

மழைக்காலம் தொடங்கக் கொஞ்ச நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உச்சிக்குப் போகும் பாதை தையல்காரம்மாவின் வீட்டுக்குள் வந்துவிட்டது. வாசல் கேட்டில் நுழைந்து, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, தையல் மெஷினுக்கும் சோபாவுக்கும் நடுவே புகுந்து, சமையலறை வழியாகப் பின்கதவுக்குப் போய், அங்கிருந்து மரங்களுக்குள் ஏறியது. முந்தின நாள் வரை பின்கதவைத் திறந்தால் துணி காயப்போடும் கொடியும் ஆளுயர மதிலும்தான் தெரியும். இப்போது மதிலைக் காணோம். கொடி மட்டும் இரண்டு மரங்களுக்கு நடுவே, காயப்போட்ட தலையணை உறைகளோடு அப்படியே இருந்தது. முதலில் வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. தையல்காரம்மா யாருடைய கோட்டுக்கோ பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். கைத்தடியோடு உள்ளே வந்த பெரியவர், வழியில் எதிர்ப்பட்டவரைக் கேட்பதுபோல, “உச்சிக்கு இப்படித்தானே?” என்றார். அவள் திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அடுப்புக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. “அப்படித்தான் தெரியுது” என்றாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது பெரிய மலையொன்றும் இல்லை. பனி கிடையாது, விழுந்து செத்த வீரர்களின் கதை கிடையாது. அடியிலிருந்து முடிவரைக்கும் மரங்கள், மரங்களுக்கு மேலே தலைநீட்டும் ஒரு மொட்டைப் பாறை, அவ்வளவுதான். காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். அதனாலேயே விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். அந்தக் காட்டில் இருந்த பாதைகள் எல்லாவற்றையும் வகுத்தவர் தையல்காரம்மாவின் கணவர். பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மலையேற்றக் கழகத்தின் செயலாளர். ஊரே அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிட்டது, கோபம் வந்தால் மனைவியும் கூட. மரங்களில் மஞ்சள் பெயின்ட்டால் குறி போடுவது, விழுந்த கிளைகளை அகற்றுவது, இது சுலபம், இது நடுத்தரம், இது கடினம் என்று தரம் பிரிப்பது என்று அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் காட்டிலேயே கழிந்தன. எங்கோ ஒரு மரத்தில் மஞ்சள் கோடு கோணலாக விழுந்துவிட்டது என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் கால் தங்காத மனிதர்.

தையல்காரம்மா உச்சியைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது, ஒரு கல்மேல் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தனியாகவே இறங்கி வந்துவிட்டாள். அவள் பின்னால் வரவில்லை என்பது உச்சிக்குப் போய், ‘அதோ பார், நம்ம தெரு’ என்று கையை நீட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் கூப்பிடவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. சண்டையும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் தைத்தாள், அவர் நடந்தார், மகள் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள்.

பாதை வந்த அன்று செயலாளர் குளித்துக்கொண்டிருந்தார். துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், அங்கே வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மகளிர் குழுவின் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். “வணக்கம் சார், பாதையை மாத்திட்டீங்க போல” என்று ஒருத்தி கேட்டாள். அவர் குளியலறைக்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூட்டம் கடந்து போகும்வரை வெளியே வரவில்லை. வந்த பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வாசல் நிலையில் ஒரு மஞ்சள் குறி, பிரிட்ஜின் கதவில் ஒன்று, சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாம் அவர் கைப்பட்ட மாதிரியே, அதே அகலம், அதே நீளம். அவர் போடவில்லை. பிரிட்ஜில் இருந்ததைப் பெயின்ட் கரைக்கும் தின்னர் ஊற்றித் தேய்த்தார். பாதி போனது, மீதி போகவில்லை.

பழைய பாதை எங்கும் போய்விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் தொடங்கி, மொட்டைப் பாறைக்குக் கீழே ஓடையோரச் சரிவில் ஏறும் அந்த வழி கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதில் நடந்தவர்கள் ஓடைத் திருப்பத்தில் இடதுபக்கம் திரும்பியதும் தையல்காரம்மா வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். பெரும்பாலானவர்கள் பேச்சு சுவாரசியத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. மேலேயிருந்து இறங்கினவர்களும் சமையலறை வழியாகத்தான் வந்தார்கள். செயலாளர் தானே போய்ப் பார்த்தார். திருப்பத்தில் வேண்டுமென்றே வலதுபக்கம் திரும்பினார், அப்போதும் செருப்பு ஸ்டாண்ட். வனத்துறை அலுவலகத்தில் போய்ச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மரம் ஏதாவது வெட்டப்பட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் தங்களுக்குப் புகார் எதுவும் இல்லை என்றார்.

தையல்காரம்மா முதல் வாரம் தலையிலடித்துக்கொண்டாள், இரண்டாவது வாரம் பழைய சாக்குகளைத் தைத்துக் கூடத்தில் விரித்தாள், அதற்குப் பிறகு அது பாட்டுக்கு நடந்தது. தரை லேசாகச் சாய்ந்துவிட்டிருந்தது. கை தவறி விழுந்த நூல்கண்டு சமையலறைப் பக்கத்திலிருந்து வாசல் பக்கமாக உருண்டது, ஆகவே எதைத் தேடினாலும் வாசலில் தேடினால் போதும் என்று பழகிக்கொண்டாள். காலையில் இலைச்சருகைக் கூட்டினாள். காஸ் அடுப்பின் ஓரத்தில் முளைத்த பெரணிச்செடியை முதலில் பிடுங்கினாள், மறுபடி முளைத்தபோது விட்டுவிட்டாள். மூன்று பிள்ளைகளோடு ஏறிய ஒரு அம்மா, நிலத்தகராறைப் பற்றிப் பேசிக்கொண்டே போய் அதே தகராறைப் பேசிக்கொண்டே இறங்கிய இரண்டு சகோதரர்கள், கூடத்தில் நுழையும்போது கைகோத்துக்கொண்டும் பின்கதவைத் தாண்டும்போது தனித்தனியாகவும் போன ஒரு ஜோடி என்று எல்லோரையும் பார்த்தாள். தண்ணீர் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். அறுந்த பைப்பட்டைகளையும் ஓடாத ஜிப்புகளையும் அவர்கள் நின்று மூச்சு வாங்குவதற்குள் சரிசெய்து கொடுத்தாள். இத்தனை வருடங்களாக அவள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் இடுப்பளவையும் கைநீளத்தையும் பற்றி மட்டுமே பேசினவர்கள். இப்போது மேலே எந்த மரம் பூத்திருக்கிறது, எங்கே பாம்புச்சட்டை கிடக்கிறது என்பதெல்லாம் மெஷினைவிட்டு எழுந்திருக்காமலே அவளுக்குத் தெரிந்தது. மகள் போனில், “கதவைப் பூட்டித் தொலைங்கம்மா” என்றாள். “பூட்டிப் பார்த்தேன். வெளிய நின்னுக்கிட்டுக் காத்திருக்காங்க. பாவமா இருக்கு” என்றாள் தையல்காரம்மா.

செயலாளருக்குத்தான் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் மலையேற்றக் கழகங்களின் தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். புதிய வரைபடம் அச்சிடப் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு குழு நேரில் வந்து பாதையில் நடந்து பார்க்கும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆள் குறுக்கே போனான். அவன் போகும்வரை அவர் காத்திருந்தார்.

“பிரிட்ஜைத் தாண்டி இடதுபக்கம் திரும்பவும்னு வரைபடத்துல எழுத முடியுமா?”

“எழுதினா என்னங்க?”

“சிரிப்பாங்க.”

“சிரிச்சுட்டுத் திரும்புவாங்க. வழி தப்பாதுல்ல.”

“உனக்கு இதெல்லாம் புரியாது. நாப்பது வருஷம் நான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கேன். கடைசியில செயலாளர் தன் வீட்டுக்கே பாதையை இழுத்துக்கிட்டார்னு பேச்சு வரும்.”

தையல்காரம்மா கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள். “நாப்பது வருஷமா உங்க பாதையில ஊரே போச்சு, நீங்களும் போனீங்க. இப்ப அது இங்க வந்திருக்கு. பாதை மேல உங்களுக்குக் கோபம் இல்லைங்க. அது வந்த வீடுதான் உங்களுக்குப் பிடிக்கலை.”

அவர் எழுந்தார். போர்வையையும் பல் தேய்க்கும் பிரஷையும் எடுத்துக்கொண்டு கழகத்தின் அறைக்குப் போய்விட்டார். அங்கே மடக்குக் கட்டில் ஒன்று இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள். செயலாளர் தினமும் பழைய பாதையைச் சரிசெய்யப் போனார். போகிற ஒவ்வொரு தடவையும் ஓடைத் திருப்பத்தைத் தாண்டிச் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். வெளியூர் ஆள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். சில நேரம் யோசனையில் நடந்து கூடத்துக்குள்ளேயே வந்துவிடுவார். தையல்காரம்மா மற்றவர்களைக் கேட்பதுபோலவே, “தண்ணி வேணுமா?” என்று கேட்பாள். “வேண்டாம்” என்பார். அவள் மெஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவாள். அவர் போன பிறகு, அன்றைக்குச் சட்டை மாற்றியிருந்தாரா, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாரா என்பதை எல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப்பார்த்துக்கொள்வாள். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பாதையில் நடந்தால்தானே பாதை திருப்பிவிடும். அவர் இள வயதில் பாறை ஏறப் பழகியவர். கழகத்து அறையின் பரணில் கிடந்த நீளமான கயிற்றை எடுத்துக்கொண்டு, பாதையில் கால் வைக்காமல், கீழேயிருந்து புதரையும் பாறையையும் பிடித்து நேராக மேலே ஏறினார். சரிவு நெடுக இரும்பு முளைகளை அடித்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மரத்திலிருந்து மலைமுகட்டின் முதல் பாறை வரைக்கும் கயிற்றைக் கட்டினார். அந்த வயதில் அது சாதாரண வேலை இல்லை, பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இனி கயிற்றைப் பிடித்த பிடி விடாமல் போனால் எந்தத் திருப்பமும் ஒன்றும் செய்ய முடியாது. குழு வருவதற்கு முந்தின நாள் வேலை முடிந்தது. அன்று இரவிலிருந்து மழை பிடித்துக்கொண்டது.

காலையில் தையல்காரம்மா எழுந்து வந்தபோது கூடத்தில் கயிறு கிடந்தது. வாசற்கதவின் அடியில் நுழைந்து, சாக்குகளின் மேல் நீண்டு, தையல் மெஷினின் இரும்புக் காலில் போய் முடிந்திருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே அது அவர் போட்டது என்று தெரிந்துவிட்டது. தார்ப்பாய் கட்டினாலும் தபால் பார்சல் கட்டினாலும் அவர் அந்த ஒரு முடிச்சைத்தான் போடுவார். அவள் அதைத் தொடவில்லை. குழு வருவது அவளுக்குத் தெரியும். வாசற்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தாள், பெரிய பாத்திரத்தில் டீக்குத் தண்ணீர் வைத்தாள், வீட்டிலிருந்த துண்டுகளையும் தைக்காத வெட்டுத்துணிகளையும் சோபாவில் அடுக்கினாள், பிறகு ஒரு திரைச்சீலைக்கு ஓரம் தைக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கயிறு தரையை விட்டு எழும்பியது. இறுகியது. மெஷின் ஒரு குலுக்குக் குலுங்க, தையல் கோணிக்கொண்டு போனது.

முதலில் செயலாளரின் கைகள் உள்ளே வந்தன. கயிற்றை ஒரு கைக்கு மேல் ஒரு கையாகப் பற்றி, மழைக்கோட்டின் தொப்பி மூக்கு வரை இறங்கியிருக்க, கண்களை இறுக மூடிக்கொண்டு அவர் வந்தார். எந்தப் பக்கமும் பார்த்துவிடக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் கை மெஷினில் முட்டியது. முடிச்சைத் தடவிப் பார்த்தார். இரும்புச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

“கண்ணைத் திறங்க” என்றாள் தையல்காரம்மா.

அவர் திறந்தார். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கூடம் நிறைந்து, சமையலறை நிறைந்து, சிலர் படுக்கையறைக் கட்டிலின் விளிம்பில் நின்றார்கள். குழுவின் தலைவி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, பிரிட்ஜையும் மெஷினையும் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் புகைப்படத்தையும் பார்த்தார். “இதுதான் முதல் இளைப்பாறுமிடமா சார்?” என்றார்.

“இல்லைங்க” என்றார் செயலாளர். “தப்பு நடந்திருக்கு. வெளிய வாங்க. திரும்பிப் போய் முதல்ல இருந்து ஏறலாம். நான் காட்டறேன்.”

“முதல்ல தலையைத் துவட்டிக்கட்டும்” என்றாள் தையல்காரம்மா. “மழை கொஞ்சம் விடட்டும். டீ போட்டிருக்கேன். குடிச்சுட்டுப் போங்க.”

“நமக்கு நேரமில்லை.”

“நீங்களும் குடிச்சுட்டுத்தான் போகணும்” என்றாள் அவள். “உட்காருங்க.”

அவர் சோபாவின் கைப்பிடியில், விருந்தாளி மாதிரி, பாதி உட்கார்ந்தார். ஆட்கள் துண்டுகளைக் கைமாற்றிக்கொண்டார்கள். டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் இருந்த ஊசிப்பெட்டி தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நின்றது. பாத்திரத்தில் டீயின் மேல் வட்டம் வட்டமாகச் சுருக்கம் விழுந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. இடி மாதிரி அது சட்டென்று முடியவில்லை. நிறைய லாரிகள் சேர்ந்து சரளைக்கல் கொட்டுவதுபோல, கொட்டிக்கொண்டே இருந்தது. ஓய்ந்ததும் எல்லோரும் வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். தெருமுனையிலிருந்து மலையின் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். மொட்டைப் பாறையின் அடியிலிருந்து ஓடை வரைக்கும் சரிவு இல்லை. மரங்களும் இல்லை. உரித்த மாதிரிச் சிவப்பாக மண் மட்டும் இருந்தது. ஓடை எங்கே போவது என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. செயலாளர் கூடத்துக்குத் திரும்பி வந்து, மெஷின் காலில் கட்டியிருந்த கயிற்றை வெளியிலிருந்து உள்ளே இழுத்தார். அது லேசாக வந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் முனை வந்துவிட்டது, பிய்ந்து, மண் அப்பி.

குழுவினர் அந்த முனையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். தலைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சரிவைக் கடக்க எவ்வளவு நேரமாகும், இந்நேரம் எந்த இடத்தில் இருந்திருப்போம் என்று ஒருவர் கணக்குப் போடத் தொடங்கினார், பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினார். செயலாளர் சோபாவில் போய் உட்கார்ந்தார். தையல்காரம்மா ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் போட்டு, காதுக்குப் பின்னால், பிடரியில் என்று அழுத்தித் துவட்டினாள். அத்தனை பேர் முன்னால் அவர் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் டீயைக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்.

மறுநாள் காலையில் போர்வையும் பிரஷும் வீட்டுக்கு வந்துசேர்ந்தன. சாப்பிட்ட பிறகு செயலாளர் பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் தின்னரால் பாதி அழித்திருந்த பிரிட்ஜ் குறியின் முன்னால் முட்டி போட்டார். “வாசல்ல இருந்து பார்த்தா தெரியுதா?” என்று கேட்டார். அவள் வாசலில் போய் நின்று, “கொஞ்சம் மேல” என்றாள். “ரொம்ப மேல போனா குள்ளமானவங்களுக்குத் தெரியாது.” “அப்ப நடுவுல.” அவர் நடுவில் போட்டார். கோடு நேராக வந்தது.

புதிய வரைபடத்தில் அந்தப் பாதை ‘சுலபம், கூடம் வழியாக’ என்று அச்சாகியது. யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. அடுத்த வருடங்களில் செயலாளர் வீட்டுக்குள்ளேயே நிறைய வேலை பார்த்தார். மழைத்தண்ணீர் போகச் சமையலறையின் ஓரமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார், பின்வாசலில் வேரும் கல்லுமாகப் படிகள் அமைத்தார், குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தார். ஒரு நாள் தையல்காரம்மா மெஷினை மூடிவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்கதவு வழியாகக் கிளம்பினாள். அவரும் எழுந்தார். அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் வந்தார், அவள் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் அவரும் உட்கார்ந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது உச்சிக்குப் போக. அவள் சுற்றிலும் பார்த்தாள். மரங்கள், அதற்கப்பால் மரங்கள், ஒரு மூலையில் ஊர்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“இவ்வளவுதான்” என்றார் அவர்.

ஆனாலும் இருட்டும்வரை இருந்துவிட்டுத்தான் இறங்கினார்கள். மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தது. குழந்தை அந்தக் கூடத்தின் சாய்தரையில் நடக்கப் பழகியதால் சமதரையில் தடுமாறியது, டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். முதன்முதலில் வந்த வயதான தம்பதியில் பெரியவர் வருவது நின்றது. அந்த அம்மா மட்டும் கைத்தடியோடு வந்து, கூடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, மேலே போகாமல் திரும்பினார்.

பிறகு ஒரு வருடம், மழைக்காலத்துக்கு முன்னால், தையல்காரம்மா காலையில் பின்கதவைத் திறந்தபோது எதிரே மதில் நின்றது. பாசி பிடித்த பழைய மதில். கூடத்துத் தரை மட்டமாக இருந்தது. கூட்டுவதற்கு ஓர் இலைகூட இல்லை. அன்று யாரும் வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கால்நடை மருத்துவர் போன் செய்து, தன்னுடைய மருந்து அறை வழியாக ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், பிரிட்ஜில் ஏதோ மஞ்சளாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். செயலாளர் சாக்கு விரிக்கச் சொன்னார். போனை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய், மதிலுக்கு மேலே எழும்பி நின்ற மலைச்சரிவை நிமிர்ந்து பார்த்தார். தையல்காரம்மாவும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். மரங்கள் எப்போதும்போல் இருந்தன. பாதை விலகிப் போன ஓடையோரச் சரிவிலும், அது இறங்கும்வரை மரங்கள் இப்படித்தான் இருந்தன. அவள் உள்ளே போய் மெஷினுக்கு உறை போட்டாள். அவர் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினார். யாரிடமும் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கக் கட்டில்களும் பீரோக்களும் வெளியே வந்துவிட்டன. சாயங்காலத்துக்குள் லாரிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. வீடுகளை யாரும் பூட்டவில்லை.

இதை எழுதும்வரை அந்தச் சரிவு இறங்கவில்லை. அந்தத் தெருவுக்கு யாரும் குடிபோகவும் இல்லை. செயலாளரும் தையல்காரம்மாவும் அன்று மாலையே ஊரின் இன்னொரு முனையில் ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துக்குப் புதியவர் இல்லை. ஜன்னல்களைத் திறந்து காட்டினார், குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார். மெஷினை எங்கே போடலாம் என்று தையல்காரம்மா வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொந்த வீடு இருக்குல்ல உங்களுக்கு” என்றார் வீட்டுக்காரர். “ஏம்மா விட்டுட்டு வர்றீங்க?”

“பாதை போயிடுச்சுங்க” என்றாள் அவள்.

“அப்போ சரி” என்று சொல்லி, வீட்டுக்காரர் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.